பெயருக்கு மட்டும் ஸ்கிரிப்ட்: புதுச்சேரியில் டிசைன் வேலை தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணப் பத்திரிகை, கஃபே பலகை, சோப்பு லேபிள், துணிக்கடைப் பை. புதுச்சேரியில் டிசைன் வேலைக்கு உட்காருபவரிடம் இந்த நாலும் சீக்கிரமே வந்து சேரும். நாலிலும் வாடிக்கையாளர் கேட்பது ஒன்றுதான்: "பேரு மட்டும் அந்த ஸ்டைலா, பேனால வளைச்சு எழுதின மாதிரி வரணும்." அவர் கேட்பது கையெழுத்துக் கலையிலிருந்து பிறந்த ஸ்கிரிப்ட் ஃபாண்ட். பெயருக்கு மட்டும் என்று அவர் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரம், மண்டப முகவரி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் அதே ஃபாண்டில் போட்டால் பத்திரிகை அழகாகவும் இருக்காது, யாராலும் படிக்கவும் முடியாது. அந்த ஒரு பெயரை எப்படி எடுத்து, எப்படிச் சோதித்து, எப்படி அச்சுக்கு அனுப்புவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தப் பேனா என்று பாருங்கள்

ஸ்கிரிப்ட் ஃபாண்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் பெரும்பாலானவை மூன்று கருவிகளுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது கூர்நிப். கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப் விரிந்து தடித்த கோடு விழும். மேலே போகும்போது மயிரிழைக் கோடு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் எழுத்தாசான்கள் எழுதிய ரவுண்ட்ஹேண்ட் இதுதான். அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததால் காப்பர்பிளேட் என்றும் பெயர் வந்தது. சார்லஸ் ஸ்னெல் என்ற எழுத்தாசானின் கையெழுத்தை வைத்து மேத்யூ கார்ட்டர் 1966-இல் செய்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், ரிச்சர்ட் லிப்டன் 1997-இல் அடோபிக்காகச் செய்த பிக்கம் ஸ்கிரிப்ட், எட் பெங்கியாட் 1994-இல் செய்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட் எல்லாம் இந்தக் குடும்பம். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கிரேட் வைப்ஸும் இதன் உறவுதான். அதைச் செய்தவர் ராப் லுஷ்கே. பழகுவதற்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பட்டை நிப். இங்கே தடிமனை முடிவு செய்வது அழுத்தம் இல்லை, நிப் சாய்ந்திருக்கும் கோணம். இத்தாலிய சான்சரி எழுத்திலிருந்து வந்தது. ஹெர்மன் சாப்ஃபின் சாப்ஃப் சான்சரி, ஆபீஸ் மென்பொருளோடு வந்து நம் ஊர்ப் பத்திரிகைகளில் நிறைந்துவிட்ட மோனோடைப் கோர்சிவா இரண்டும் இந்த வகை. எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் சிறிய அளவிலும் தாங்கும்.

மூன்றாவது தூரிகை, இல்லையென்றால் வேகமாக ஓடும் சாதாரணப் பேனா. மார்செய் நகரத்து ஒலிவ் எழுத்து வார்ப்பகத்துக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் 1953-இல் செய்த மிஸ்ட்ரல் இதற்கு நல்ல உதாரணம். கஃபேக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை எதுவோ அதற்கேற்ற பேனா என்று முதலில் தீர்மானியுங்கள். கல்யாணம், நகைக்கடை என்றால் கூர்நிப். சான்றிதழ், பாராட்டு மடல், கோயில் விழா அழைப்பு என்றால் பட்டை நிப். கடை, உணவு என்றால் தூரிகை. இது சட்டமில்லை, ஆனால் தொடங்குவதற்குப் போதும்.

ஒரு மாலை ஒயிட் டவுனில் நடந்து பாருங்கள்

இதற்குச் செலவே இல்லை. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரொமேன் ரோலன் வீதி என்று நடந்துகொண்டே பலகைகளைப் பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் எதிர்ச்சாரியில் நின்று, பெயரை ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். தெருமுனையில் உள்ள நீலத் தகடுகளில் பிரெஞ்சும் தமிழும் நேராக, வெள்ளையாக, எந்த வளைவும் இல்லாமல் இருக்கும்; தூரத்திலிருந்தே படித்துவிடலாம். பக்கத்திலேயே வளைவும் சுழியுமாக ஒரு கஃபே பெயர் இருக்கும். அழகுதான், ஆனால் அங்கே கஃபே என்று புரிவதற்கு அதன் கீழே நேரெழுத்தில் ஒரு வரி தேவைப்பட்டிருக்கும். ஸ்கிரிப்ட் ஃபாண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சாதாரண எழுத்து துணைக்கு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது.

எடுப்பது, உரிமம்

கூகுள் ஃபாண்ட்ஸில் இருப்பவை திறந்த உரிமத்தில் வருபவை. வாடிக்கையாளருக்குக் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்ற இலவசத் தளங்களில் எடுக்கும்போது "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைப் பலகைக்கும் லேபிளுக்கும் அதைத் தொடக் கூடாது. லோகோவாகப் பதிவு செய்யப்போகும் பெயர் என்றால் உரிமக் கோப்பையும் அந்த வேலையின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.

அந்தப் பெயரையே அடித்துப் பாருங்கள்

ஃபாண்டின் மாதிரிப் படத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். மாதிரியில் வரும் வார்த்தை அந்த ஃபாண்டுக்கு மிக அழகாக அமையும் வார்த்தை. உங்கள் கையில் இருப்பது வேறு பெயர். மீனா என்று ஆங்கிலத்தில் அடித்தால் முதல் எழுத்துக்குப் பிறகு மேலே போகும் கம்பும் இல்லை, கீழே இறங்கும் வாலும் இல்லை, தட்டையாக நிற்கும். கடைசி எழுத்தில் ஒரு நீண்ட சுழி கொடுத்தால் உயிர் வரும். தமிழ்ச்செல்வி என்று அடித்தால் நேர்மாறு: 'டி', மூன்று 'எச்', ஒரு 'எல்' என்று மேலே ஒரே கம்புக் காடு, நடுவில் 'இசட்' வேறு பல ஃபாண்டுகளில் கீழே இறங்கும். அந்தப் பெயருக்குச் சுழியே வேண்டாம், முடிந்தவரை எளிமையான ஃபாண்ட் போதும்.

முதல் எழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கூர்நிப் வகையில் பெரிய எழுத்து 'எஸ்'ஸும் 'எல்'லும், 'ஐ'யும் 'ஜே'யும், 'டி'யும் 'எஃப்'பும் ஒன்றுபோலத் தோன்றும். லதா என்று அச்சடித்ததை உறவினர்கள் சதா என்று படித்தால் வாடிக்கையாளர் உங்களிடம்தான் வருவார். பெயரை அச்செடுத்து, பெண்ணையோ பிள்ளையையோ அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி தயங்கினாலும் வேறு ஃபாண்ட் பாருங்கள், அல்லது அதே ஃபாண்டில் அந்த எழுத்துக்கு மாற்று வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது இனிஷியல். நம் பெயர்களுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று இனிஷியல் வரும். ஸ்கிரிப்ட் ஃபாண்டின் பெரிய எழுத்துகள் பின்னால் சிறிய எழுத்து ஓடி வரும் என்று எதிர்பார்த்து வரையப்பட்டவை. இரண்டு பெரிய எழுத்தை அடுத்தடுத்து வைத்தால் ஒன்றின் சுழி இன்னொன்றின் வயிற்றுக்குள் போகும். இதற்கு நான் சொல்லும் வழி: இனிஷியலை ஸ்கிரிப்டிலிருந்து வெளியே எடுத்து, கோட்டு முனைகளில் சிறு பட்டை உள்ள சாதாரண செரிஃப் எழுத்தில், பெயரின் பாதிக்கும் குறைவான அளவில் முன்னால் வையுங்கள். பெரியவர்கள் ஆட்சேபித்தால் இரண்டு விதமாகவும் அச்செடுத்துக் காட்டுங்கள், பேச்சே தேவைப்படாது. பி.இ., எம்.பி.ஏ., எம்.எஸ்ஸி. போன்ற படிப்புகளுக்கும் இதே விதி. பட்டங்கள் எல்லாமே பெரிய எழுத்து; அவற்றை ஸ்கிரிப்டில் போட்டால் நூல்கண்டு சிக்கியது போல ஆகிவிடும். பெயருக்குக் கீழே, சிறிதாக, நேரெழுத்தில் வையுங்கள்.

புதுச்சேரிக்கென்றே ஒரு சோதனை உண்டு. இங்கே பிரான்சுவா, தெரேஸ், ஜோசெஃபின் என்ற பெயர்கள் வரும். பத்திஸ்ரீ, கிரெபெரி, ஓத்தெல் என்று பலகைகள் வரும். பிரெஞ்சு எழுத்துகளின் மேல் நிற்கும் கோடும் கூரையும், 'சி'யின் கீழே தொங்கும் வாலும் அலங்காரம் இல்லை, எழுத்துக்கூட்டலின் பகுதி. சில இலவச ஃபாண்டுகளில் இவை இருக்காது. அப்போது கணினி அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கும். பெயரின் நடுவில் ஓர் எழுத்து நிமிர்ந்து, தடித்து, தனியாக நிற்கும். கிரேட் வைப்ஸில் இவை இருக்கின்றன. வேறு எதை எடுத்தாலும் முதலில் இந்த எழுத்துகளை அடித்துப் பாருங்கள். மாதா கோயில் கல்யாணம், ஞானஸ்நான அழைப்பு என்றால் பெயரை வாட்ஸ்அப்பில் வந்தபடி நம்பாமல், குடும்பத்தாரையே தாளில் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். கைப்பேசியில் அடிக்கும்போது பலர் அந்தக் குறிகளை விட்டுவிடுகிறார்கள்.

அளவும் இடைவெளியும்

பள்ளியில் ஆங்கிலம் எழுதப் பழகிய நாலு கோடு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபாண்டில் நடுக் கோடுகள் இரண்டுக்கும் இடையே நல்ல இடம் இருக்கும். ஸ்கிரிப்ட் ஃபாண்டில் அந்த நடு இடம் ஒடுங்கி, மேலும் கீழும் நீண்டிருக்கும். அதனால் 12 பாயிண்ட் என்று போட்டால் கண்ணுக்கு 7 பாயிண்ட் போலத் தெரியும். பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு 34 அல்லது 36 பாயிண்டில் தொடங்குங்கள். 18 பாயிண்டுக்குக் கீழே கூர்நிப் வகையைக் கொண்டுபோக வேண்டாம்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சேர்க்கவே கூடாது. ஒவ்வோர் எழுத்தின் முடிவும் அடுத்த எழுத்தின் தொடக்கத்தைச் சரியாகத் தொடும்படி ஃபாண்ட் செய்தவர் அளந்து வைத்திருக்கிறார். டிராக்கிங்கைக் கொஞ்சம் கூட்டினாலும் அந்த இணைப்பு அறுந்து, ஒவ்வொரு எழுத்தின் வாலும் தொங்கும். இரண்டு பக்கமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபையும் சில மென்பொருளில் எழுத்திடையைத் திறக்கும். நடுவில் நிறுத்துங்கள் அல்லது இடப்பக்கம். 'போல்ட்' பொத்தானையும் அழுத்த வேண்டாம். கிரேட் வைப்ஸுக்குத் தடித்த எடை கிடையாது, மென்பொருள் தானாகவே எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஊதிவிடும். தடிப்பும் மெலிவும் சேர்ந்துதான் அந்த எழுத்துக்கு அழகு, அது போய்விடும். அகலத்தை மட்டும் இழுத்து நீட்டுவதும் அப்படித்தான்.

சுழி விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் 'கிளிஃப்ஸ்' பலகையைத் திறந்தால் ஃபாண்டில் உள்ள மாற்று வடிவங்கள் எல்லாம் தெரியும். வேர்டிலும் ஃபாண்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் சில கிடைக்கும். ஒரு பெயருக்கு ஒரு சுழி போதும். மேல் பெயரின் வால் இறங்கும் இடத்தில் கீழ்ப் பெயரின் கம்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். நடுவில் 'வெட்ஸ்' என்ற சொல்லுக்கு இடம் வேண்டும். அந்தச் சொல்லையும் சிறிய நேரெழுத்தில் வைப்பேன். மாறாக, இரண்டு பெயரையும் இணைக்கும் 'அண்ட்' குறி பல ஸ்கிரிப்ட் ஃபாண்டுகளில் மிக அழகாக இருக்கும். அதைப் பெரிதாக்கி, வெளிர் நிறத்தில் பின்னால் வைத்துப் பாருங்கள்.

தமிழை ஓரத்தில் தள்ளாதீர்கள்

எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி இது: ஆங்கிலப் பெயருக்கு அத்தனை உழைப்பும் போட்டுவிட்டு, தமிழ்ப் பக்கத்தில் கணினியில் முதலில் வந்த ஃபாண்டைப் போட்டு முடிப்பது. பத்திரிகையைக் கையில் வாங்கும் தாத்தா பாட்டி படிப்பது தமிழ்ப் பக்கத்தைத்தான்.

ஆங்கில ஸ்கிரிப்ட் சாய்ந்திருக்கிறதே என்று தமிழையும் 'இட்டாலிக்' பொத்தானை அழுத்திச் சாய்க்காதீர்கள். 'ண', 'ஞ', 'ழ' போன்ற எழுத்துகளின் வட்டங்கள் நசுங்கிவிடும். சாய்வைப் பொருத்துவதைவிடத் தடிப்பு மெலிவைப் பொருத்துவதே சரி. கூர்நிப் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக உட்காரும், அதன் கோடுகளிலும் தடிப்பு மெலிவு இருக்கிறது. கையால் எழுதிய தோற்றமே வேண்டுமென்றால் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் இருக்கிறது. தொடக்கத்திலேயே சாய்வாக வரையப்பட்ட தமிழ் எழுத்து அது. தூரிகை வகைக் கஃபே வேலைக்கு அரிமா மதுரை பொருந்தும். முனைகள் மென்மையாக இருக்கும், மெல்லியதிலிருந்து தடித்தது வரை பல எடைகள் உண்டு. மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைத்தவை.

அளவில் ஒரு விஷயம். ஆங்கிலப் பெயர் 36 பாயிண்ட் என்றால் தமிழ்ப் பெயரையும் 36-இல் வைத்தால் தமிழ் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். 20-இல் தொடங்கி, இரண்டும் ஒரே குரலில் பேசும்வரை கண்ணால் ஏற்றி இறக்குங்கள். தமிழுக்கு வரியிடைவெளி தாராளமாக விடுங்கள். 'கி', 'கீ' மேலே போகும், 'கூ', 'ஞ' கீழே இறங்கும்.

அப்புறம் யூனிகோட் பிரச்சினை. கைப்பேசியிலும் இணையத்திலும் ஓடும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்தான் யூனிகோட். பழைய கோரல் டிரா பதிப்புகளில் யூனிகோட் தமிழ் சிதறும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால்தான் பல அச்சகங்களில் இன்னும் பழைய குறியாக்க ஃபாண்டுகள் ஓடுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோட் வரியை அதில் ஒட்டினால் குப்பையாக வரும், குறியாக்கத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் மென்பொருள் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். மாற்றிய பிறகு 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஹ' வரும் இடங்களையும் 'கொ', 'கோ', 'கௌ' வரும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தவறு ஒளிந்துகொள்வது அங்கேதான். ஃபோட்டோஷாப்பில் தமிழ் உடைந்தால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி' என்ற தேர்வைத் தேடி மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இடப் பெயர் வரிகளை எந்த மொழியிலும் ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். கடலூர்ப் பக்கத்துக் கல்யாணம் என்றால் "திருவந்திபுரம் அருள்மிகு தேவநாதசுவாமி திருக்கோயில்" என்று நீண்ட வரி வரும். முகூர்த்த நாளில் அங்கே எத்தனையோ கல்யாணம் நடக்கும். எந்த மண்டபம், எத்தனை மணி என்பது கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டும்.

தாளும் மையும்

திரையில் இருக்கும் மயிரிழைக் கோடு தாளில் வருமா என்பதுதான் கேள்வி. ஆஃப்செட்டில் 0.25 பாயிண்டுக்குக் கீழே மெலிந்த கோட்டை நம்ப முடியாது. அரக்கு நிறப் பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விடுவதென்றால் சுற்றியுள்ள மை உள்ளே கசிந்து கோட்டைத் தின்றுவிடும், 0.5 பாயிண்டாவது வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிலும் தங்க ஃபாயிலிலும் இன்னும் தடிப்பு கேட்பார்கள். முன்கூட்டியே அச்சகத்தில் கேட்டுவிடுங்கள். மெலிவாக இருந்தால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், அல்லது மெலிவு குறைந்த ஃபாண்டுக்கு மாறுங்கள்.

நிறத்தில் கவனம். நாலு வண்ணம் கலந்து வரும் பழுப்பு நிறத்தை மெல்லிய கோட்டுக்குக் கொடுத்தால் புள்ளிகளாக உடைந்து ஓரம் மங்கும். ஸ்கிரிப்ட் பெயருக்குத் தனி மை ஒன்று போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுக் கறுப்பு.

எஸ்.வி. பட்டேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் அந்தத் தாளில் பத்திரிகை போட வேண்டும் என்று வெளியூர்க்காரர்களும் கேட்பார்கள். அந்தத் தாளின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும், மையையும் உறிஞ்சும். கூர்நிப்பின் மெல்லிய கோடு அங்கங்கே அறும். பட்டை நிப் வகை எழுத்து அந்தத் தாளுக்காகவே பிறந்தது போல இருக்கும். எனக்குப் பிடித்த சேர்க்கை அதுதான். எந்த முடிவு எடுத்தாலும் முழு வேலைக்கு முன் அதே தாளில் ஒரு பிரதி அடித்துப் பாருங்கள்.

ஸ்டிக்கரும் பலகையும்

ஸ்கிரிப்ட் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். திரையில் தெரியாது. எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, எல்லாவற்றையும் 'கம்பைன்' செய்தால் ஏறிய இடமெல்லாம் வெள்ளை ஓட்டையாகிவிடும். ஸ்டிக்கர் வெட்டும் வினைல் பிளாட்டருக்கு அனுப்பினால் இன்னும் மோசம்: கத்தி ஒவ்வொரு எழுத்தின் எல்லையையும் தனித்தனியாக வெட்டும், பெயர் துண்டு துண்டாக உரிந்து வரும். கோரல் டிராவில் முதலில் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, 'கன்ட்ரோல் க்யூ' கொடுத்துக் கர்வாக்கிய பிறகு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'வெல்ட்' கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்', பிறகு 'பாத்ஃபைண்டர்' பலகையில் 'யுனைட்'. வயர்ஃபிரேம் பார்வையில் பெயர் முழுதும் ஒரே எல்லைக்கோடாகத் தெரிந்தால் சரி. 'ஓ', 'ஏ' எழுத்துகளின் உள் ஓட்டை அடைபடவில்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்ட் செய்த பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் முதலிலேயே சேமித்துவிடுங்கள்.

வினைலில் மெல்லிய கோடு உரிக்கும்போதே பிய்ந்துவிடும். பெயரைச் சுற்றி ஒரு மெல்லிய 'கான்டூர்' போட்டுக் கோட்டைக் கொஞ்சம் தடிக்க வைக்கலாம், ஆனால் அளவோடு. உள்ளே விளக்கு வைக்கும் அக்ரிலிக் எழுத்துப் பலகைக்குக் கூர்நிப் வகையே வேண்டாம், விளக்கு உட்கார இடமிருக்காது.

தூரத்துக்கு ஒரு கணக்கு: பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்று வைப்பார்கள். அது நேரெழுத்துக்கு. ஸ்கிரிப்டில் அந்த உயரத்தைச் சிறிய எழுத்தின் நடு உடம்புக்குக் கொடுங்கள், பெரிய எழுத்துக்கு இல்லை. சாலையைத் தாண்டி 30 அடியிலிருந்து படிக்க வேண்டுமானால் நடு உடம்பு 3 அங்குலம். அப்படி வைத்தால் பெரிய எழுத்து ஓர் அடியைக்கூட நெருங்கும். பலகையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் கடைப் பெயருக்கு வேறு எழுத்து பாருங்கள். கடலூரில் கடை என்றால் தமிழ்ப் பெயர்தான் முதலில், பெரிதாக வர வேண்டும் என்ற தமிழ்நாட்டு விதியும் இருக்கிறது. ஆங்கில ஸ்கிரிப்டுக்கு மிச்சமாகும் இடத்தை அளந்த பிறகு ஃபாண்ட் தேடுங்கள்.

அனுப்பும்போது

அச்சகத்துக்கு இரண்டு கோப்பு அனுப்புங்கள்: எழுத்தெல்லாம் கர்வாக மாற்றிய பிடிஎஃப் ஒன்று, அது எப்படித் தோன்ற வேண்டும் என்று காட்டும் படம் ஒன்று. கர்வாக்காமல் அனுப்பினால் அவர்கள் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாமல் பெயர் வேறு எழுத்தில் அச்சாகிவிடலாம். சிவகாசிக்குப் போகும் வேலை என்றால் திரும்பி வந்து திருத்த நேரமே இருக்காது.

வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும்போது கைப்பேசித் திரையில் மட்டும் காட்டி முடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி மெல்லிய கோடுகள் மங்கும். 'டாகுமென்ட்' என்று அனுப்புங்கள். அதோடு உண்மையான அளவில் ஒரு தாள் அச்செடுத்து, பெண் வீடு, பிள்ளை வீடு இரண்டிலும் ஒருவர் பெயர், இனிஷியல், தேதி, நேரம் எல்லாவற்றையும் பேனாவால் தொட்டுத் தொட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.